தோல் உறை போட்ட பெட்டி

என் கணவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வெளிநாடு போய் வந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், மாதிரி ஷூ செய்து பார்க்கிற சாம்பிள் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. தோல் கண்காட்சிக்காக முதலாளி அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனார். அப்படிப் போகிறவர்கள் சாக்லேட், சென்ட், பெண்டாட்டிக்கு ஒரு கைக்கடிகாரம் என்று வாங்கி வருவார்கள். என் வீட்டு மகாராசன் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து பத்திரமாக எடுத்தது சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கூடவே ஒரு கற்றை வயர். எனக்குத்தான் ஏதோ என்று ஆசையாகக் கையை நீட்டி வாங்கியும் விட்டேன்.

"இது வண்டிக்கும்மா" என்றார்.

வண்டி என்றால் எங்கள் டர்போ டீசல் கார். அதற்கு முந்தைய வருடம்தான் வாங்கியிருந்தோம். பாஸ்டர் வீட்டுக்கே வந்து, பானெட் மேல் கை வைத்து, பத்திரமாகப் போய்வர ஜெபம் செய்துவிட்டுப் போனார். தினமும் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போய்த் திரும்ப அது போதாதா என்று கேட்டேன். போதாதாம். கண்காட்சிக்குப் போன இடத்தில் யாரோ ஒரு வியாபாரி தன் காரில் உட்கார வைத்து அகலமான சாலையில் பறக்க விட்டிருக்கிறான். அந்தப் பேய் இவர் மேல் ஏறிவிட்டது.

பெட்டி என்ன செய்யும் என்பதை அவர் எனக்கு இட்லி சாப்பிட்டபடியே விளக்கினார். இன்ஜினுக்கு ஒரு மூளை இருக்கிறது. டீசலின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சென்சார் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பெட்டி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் கம்மியாக இருப்பதாகப் பொய் சொல்லும். மூளை அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். டீசல் ஜாஸ்தி போகும், டர்போ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆக, பொய் சொல்வதற்கென்றே செய்த ஒரு சாமானை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மாட்டப் போகிறீர்கள் என்றேன். அவர் இன்னொரு இட்லி கேட்டார்.

எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகவில்லை. காரணம் என் வேலை. நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. இன்று இந்தப் பக்கம் திறந்திருக்கும், நாளை மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். பள்ளிகொண்டா, மாதனூர் என்று ஊர்ப் பெயர் சொல்லியே ஸ்ட்ரெச்சர்கள் உள்ளே வரும். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், முதலில் காலைப் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் பாதி ஆம்பிளைகள் ஏற்றுமதியில் கழித்துப் போட்ட ஷூவைத்தான் போடுவார்கள். என் கணவருக்குச் சாம்பிள் ஷூ. சாம்பிளை ஒரே சைஸில்தான் செய்வார்கள், அவர் கால் அளவாக அந்த சைஸில் அமைந்துவிட்டது. அதனால் நல்ல பிரவுன் கலர் ஷூ போட்ட கால் ஒன்று போர்வைக்கு வெளியே தெரிந்தால், எனக்கு ஒரு நிமிடம் கை ஓடாது. முகத்தைப் பார்த்து வேறு யாரோ என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த யாரோவுக்கும் ஒரு வீடு இருக்கும் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லாமலா இருந்தேன்? சொன்னேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது. கையில் பவர் இருந்தால் லாரியைச் சட்டென்று தாண்டிவிடலாம், எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நேரம் கம்மி, அதுதான் சேஃப் என்றார். எங்கள் வார்டுக்கு வந்த எல்லோரிடமும் இதைவிட நல்ல காரணங்கள் இருந்தன என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம், பதில் இல்லாத கேள்விக்குச் சிரிப்பார். சிரித்தார்.

ஞாயிறு மத்தியானம் மாட்டினோம். ஆமாம், நானும்தான். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமே. முதலில் பாட்டரியின் வயரைக் கழற்றினார். பிறகு இன்ஜினுக்குள் கையை விட்டு அந்த சென்சாரின் பிளக்கைத் தேடினார். காகிதம் போல் மெலிசாகத் தோலைச் சீவுகிற கை, ஒரு பிளாஸ்டிக் கொக்கியை அமுக்கத் தடுமாறியது. டப் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே இருவரும் நினைத்தோம். உடையவில்லை, கழன்றிருந்தது. புது வயரின் ஒரு முனையை சென்சாரிலும் மறுமுனையைப் பிளக்கிலும் செருகி, நடுவில் பெட்டியை மாட்டினார். பாட்டரி வயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பியபோது மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அணைவதற்குள் அவர் முகத்தில் வேர்வை. அது அணையாமலே இருக்கட்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அணைந்துவிட்டது.

மறுநாளே அந்தப் பெட்டிக்கு ஓர் உறை வந்தது. இது எங்கள் ஊர் வியாதி. டிவி ரிமோட், பைபிள், கால்குலேட்டர், பால் கார்டு, எதைக் கண்டாலும் தோலில் ஓர் உறை தைத்துவிடுவார்கள். சாம்பிள் ரூமில் வெட்டி மிஞ்சிய கறுப்புத் தோலில், ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, அமுக்குகிற பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். பட்டனை மூடினால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. சர்வீஸ் சென்டர்காரன் பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் அவருக்கு. சர்வீஸுக்கு விடும் முன்னால் பெட்டியைக் கழற்றிவிடுவார். அதனுடன் வந்த கட்டைவிரல் அளவு அடைப்பு ஒன்றை வயர் முனையில் செருகினால், பெட்டி இல்லாமல் வண்டி பழையபடி ஓடும். முதல் முறை அவர் அதைச் செய்தபோதும் டார்ச் பிடித்தது நான்தான்.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. கம்பெனி போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். யூனிஃபார்ம் பாக்கெட்டில் போன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கும். எடுக்க மாட்டேன், எடுத்தால் காசு. டாக்டர் ரவுண்ட்ஸ் கடைசிக் கட்டிலுக்கு வரும்போது அது வருவது வழக்கம். பெட்டி மாட்டிய வாரம், நான் டிராலியில் மருந்துகளைச் சரிபார்க்கும்போதே வந்துவிட்டது. ரவுண்ட்ஸ் தொடங்கவே இல்லை. எல்லோர் வீட்டிலும் போன் தாமதமானால் பயப்படுவார்கள். எனக்குப் போன் சீக்கிரம் வந்ததுதான் பயம். அவ்வளவு சீக்கிரம் அவர் எப்படி அங்கே இருக்க முடியும்? எந்த லாரியை எந்த வளைவில் தாண்டினார்? மருந்துப் பெயரை மாற்றி வாசித்து, ஹெட் சிஸ்டரிடம் பேச்சு வாங்கினேன்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. நான் கத்தினேன், பிறகு அழுதேன், சமைக்கவில்லை. எனக்கு உங்கள் காலைப் போர்வைக்கு வெளியே பார்க்கிற தெம்பு இல்லை என்றேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. இனி மெதுவாகப் போகிறேன் என்றார்.

சொன்னபடி, மறுநாள் மிஸ்டு கால் பழைய நேரத்துக்கு வந்தது. கடைசிக் கட்டில், டாக்டர் பேனாவை மூடுகிறார், பாக்கெட் அதிர்கிறது. அடுத்த நாளும் அப்படியே. பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று மழைக்காலம் முழுவதும் நிம்மதியாக இருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம், ஆம்பிளைகளிடம் கொஞ்சம் அழுதால் போதும் என்று யோசனை வேறு சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவர் கம்பெனியிலிருந்தே ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். தோல் வெட்டுகிற மிஷினில் இரண்டு விரல் மாட்டியிருந்தது. உள்ளே தையல் போட்டுக்கொண்டிருக்க, கூட வந்த சூப்பர்வைசர் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பதற்றத்தில் என்னென்னவோ பேசினார். பேச்சு என் கணவரிடம் வந்தது.

"சார் தெனம் எங்க எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவாரும்மா" என்றார். "வந்துட்டு உள்ள வரமாட்டாரு. வேப்ப மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு செல்லையே பாத்துக்குனு உக்காந்திருப்பாரு. ரொம்ப நேரம். அப்புறம் யாருக்கோ ஒரு ரிங் விட்டுட்டுத்தான் எறங்குவாரு. சாருக்கு எங்கயோ தோஸ்த் இருக்குதுன்னு எங்க பொண்ணுங்க கிண்டல் பண்ணுங்க. தப்பா நெனைக்காதீங்கம்மா."

நான் தப்பாக நினைக்கவில்லை. சரியாகத்தான் நினைத்தேன். மழைக்காலம் முழுவதும் ஈரச் சாலையில் அதே வேகத்தில் பறந்து போய், என் நிம்மதிக்கு வேண்டிய நேரத்தை மரத்தடியில் உட்கார்ந்து கழித்திருக்கிறார். இன்ஜினுக்கு அந்தப் பெட்டி எதைச் செய்ததோ அதையே எனக்கு அவர் செய்திருக்கிறார். நான் நிம்மதியாக இருந்த ஒவ்வொரு நாளையும் திரும்ப எடுத்து, அன்றுதான் பயப்பட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தபோது எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு நல்ல பொய் வரும், அதையும் நான் நம்பிவிடுவேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்தேன். டார்ச் பிடித்துப் பார்த்ததில் வழி தெரியும். உறையின் பட்டனைத் திறந்து, பெட்டியைக் கழற்றி, அந்தக் கட்டைவிரல் அடைப்பைச் செருகினேன். உறை தொளதொளத்துப் போனது. அவர் அலமாரியில், ஷூவில் ஒட்டாத சாம்பிள் ஹீல்கள் கிடக்கும். தடிமனான லேடீஸ் ஹீல் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துப் பட்டனை மூடினேன். அளவெடுத்தது போல் இருந்தது. பெட்டியைப் பரணில் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டேன்.

ஆனால் அதனால் எனக்குத் தூக்கம் வந்ததா என்றால் இல்லை. பவர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எந்த லாரியையாவது தாண்டப் போய், பாதியில் வண்டி இழுக்காவிட்டால்? அந்தப் பயம் மறுநாள் அவர் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் எனக்கு வந்தது. ரவுண்ட்ஸ் முடிந்தது, மிஸ்டு கால் இல்லை. கட்டுப் போடுகிற இடத்துக்குப் போனேன், அப்போதும் இல்லை. ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன். கடைசியில் பாக்கெட் அதிர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து, வண்டி மந்தமாக இருக்கிறது, இந்த பங்க்கில் டீசல் சரியில்லை என்று புலம்பினார். பங்க்கை மாற்றினார். அங்கேயும் சரியில்லை. நாளாக ஆக, வண்டி அவ்வளவுதான் என்று அதற்கேற்ற மாதிரி ஓட்டத் தொடங்கினார் போலிருக்கிறது. மிஸ்டு கால் தாமதமாகவே வந்தது. உண்மையான தாமதமா, மரத்தடியா என்று மட்டும் எனக்குத் தெரியாது. ஒரு முறை ஏமாந்த பிறகு, வருகிற போன் எதைச் சொன்னாலும் மனசு கேட்பதில்லை.

அடுத்த சர்வீஸ் வந்தது. ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல் பானெட்டைத் திறந்தார். டார்ச் வேண்டாம் என்றுவிட்டார். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். பட்டன் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, நகரவில்லை. என்ன சொல்லப் போகிறார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். மரத்தடி விஷயத்திலிருந்து தொடங்குவதாக இருந்தேன்.

பானெட்டை மூடிவிட்டு உள்ளே வந்தார். வெறும் கை, பெட்டியும் இல்லை, ஹீலும் இல்லை. கையைக் கழுவினார்.

"கழட்டிட்டேன்" என்றார்.

சரி என்றேன்.

சர்வீஸ் முடிந்து வண்டி வந்தது. மறுபடியும் பானெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே எதையோ செய்வது போல் நின்று, மூடினார். மாட்டிட்டேன் என்றார். அவர் தூங்கின பிறகு போய்ப் பார்த்தேன். உறைக்குள் அந்த ஹீல் இருந்தது. பட்டன் சரியாக மூடியிருந்தது. ஸ்டார் பெட்டியும் பரணில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து நெடுநேரம் கழித்துப் பாக்கெட் அதிர்ந்தது. இரண்டு முறை. அடங்கவில்லை. மூன்று, நான்கு, அதிர்ந்துகொண்டே இருந்தது. ஏதோ ஆகிவிட்டது, வேறு யாரோ அவர் போனிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். நடைபாதைக்கு ஓடி எடுத்தேன்.

அவர்தான். பின்னால், பெண்களை ஏற்றி வருகிற கம்பெனி பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

"வந்துட்டேம்மா" என்றார். பிறகு, "இப்பதான் வந்தேன்" என்றார்.

காசு போகிறது, வையுங்கள் என்றேன். அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.