எண்ணெய்க் குழாயில் நான் வைத்த டேப்பு

அந்த வண்டியை உதைத்துக் கிளப்பும்போது சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை வந்தால் என் அக்காவுக்கு அடி விழும். கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் சாப்பிட்டோம், தூங்கினோம், பொங்கலுக்கு வரிசை கொண்டு போனோம். இப்போதும் எங்காவது ஒரு பழைய வண்டி புகை கக்கிக்கொண்டு போனால் கையிலிருக்கும் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அது தெருமுனை தாண்டும்வரை பார்க்கிறேன். நான் மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்து வண்டி என் கண் முன்னால் புகைகிறது. எத்தனை தடவைதான் கீழே வைப்பது?

1993-இல் நான் திண்டிவனத்தில் சொந்தமாக இரண்டு சக்கர வண்டிப் பட்டறை போட்டேன். அதே வருஷம் அக்காவை விழுப்புரத்தில் கொடுத்தோம். மாமாவுக்கு அங்கே மரவாடி. அறுத்த பலகையும் ரீப்பர் கட்டையும் அடுக்கிய பெரிய கொட்டகை, அதன் பின்னாலேயே வீடு. ஆள் வாட்டசாட்டம், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாது, வெளியாரிடம் 'வாங்க, போங்க' தவிர வேறு பேச்சு வராது. பெண் பார்க்க வந்த அன்று என் அம்மாவிடம் அவர் தண்ணீர் கேட்ட பணிவைப் பார்த்து, இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு இன்றுவரை என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அவரிடம் இருந்தது இங்கிலாந்தில் செய்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அவருடைய அப்பா ஓட்டியது. டேங்கில் இருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ அழிந்து போய்விட்டது. விழுப்புரத்தில் அதை 'வெள்ளக்காரன் வண்டி' என்றுதான் சொல்வார்கள். இப்போதைய வண்டிகளில் எண்ணெய் இன்ஜினுக்கு அடியிலேயே கிடக்கும். அந்த வண்டியில் அப்படி இல்லை. சீட்டுக்குக் கீழே, பக்கவாட்டில், எண்ணெய்க்கென்று தனி டேங்க். அதிலிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்கு இறங்கும், பம்ப் எண்ணெயை உள்ளே தள்ளும், வேலை முடிந்த எண்ணெயை இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பும். வண்டி ஓடும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பம்ப் தேய்ந்துபோனால்தான் பேஜாரு. வண்டி நிற்கும்போது எண்ணெய் பம்பைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கி நிரம்பிவிடும். மறுநாள் உதைத்தால் அத்தனையும் எரிந்து தெருவே தெரியாமல் புகை வரும். மரவாடி ஆட்கள் இருமுவார்கள், எதிர் டீக்கடைக்காரர் கையால் விசிறிக்கொண்டே சிரிப்பார். மாமாவுக்கு அந்தச் சிரிப்பு ஆகாது.

நான் கண்ணால் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எண்ணெயும் கிளட்ச் கேபிளும் மாற்றுவதற்காகப் போயிருந்தேன். பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன் இன்ஜின் சூடாகட்டும் என்று மாமா வண்டியை உதைத்தார். புகை வந்தது. டீக்கடைப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். மாமா வண்டியை நிறுத்தினார், நிதானமாக உள்ளே போனார், வாசல் கூட்டும்போது வண்டியை அசைத்தாயா என்று அக்காவைக் கேட்டார். அவள் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. விழுந்தவளின் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, நான் கழற்றிக் கீழே போட்டிருந்த பழைய கிளட்ச் கேபிளை எடுத்து முதுகில் அடித்தார். அந்தக் கேபிள் வெட்டும். ஜாக்கெட் கிழிந்து ரத்தம் கோடு கோடாக வந்தது. நான்கு அடியோ ஐந்தோ. நான் எண்ணெய் பிடிக்கும் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடித்து முடித்துவிட்டுக் கேபிளைச் சுருட்டி ஓரமாகப் போட்டவர், என்னைப் பார்த்து, "நீ வேலையப் பாருப்பா" என்றார். நான் பார்த்தேன். அன்றைக்கு எண்ணெயை மாற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அழுதாள், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுவாரம் மரவாடிக்கே போய் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் அடுக்கிலிருந்து ஒரு ரீப்பர் கட்டையை உருவி என் முகத்தில் வீசினார். முன்பல் இரண்டு போயிற்று. வாயெல்லாம் ரத்தத்தோடு நானும் அவர் மேல் பாய்ந்தேன், மரத்தூளில் இரண்டு பேரும் புரண்டோம், ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் அப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். "பொண்ணு வாழ்ற எடம்டா. நீ ரெஞ்ச புடிச்சிக்கினு போய் அதக் கெடுத்துடாத" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தாள். சண்டையால் வந்த பலன் அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த வாரம் அவளுக்கு இடது கை விரல் ஒன்று ஒடிந்திருந்தது.

அதன்பிறகு எனக்கு ஒரு புத்தி வந்தது. புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன். புகை வந்தால்தானே அடி? புகையையே நிறுத்திவிட்டால்? பம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சின்ன இரும்புக் குண்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றினேன், குண்டு உட்காரும் இடத்தை இரும்பை உரசும் எமரி மாவு போட்டுத் தேய்த்தேன். இரண்டு மாதம் தாங்கியது, மறுபடி இறங்கியது. பம்பின் உடம்பே தேய்ந்துவிட்டது, வேறு பம்புக்கு எங்கே போவது? கடைசியில் ஒரு குறுக்கு வழி செய்தேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினிலிருந்து திருப்பித் திறந்து மூடும் ஒரு பித்தளை டேப்பைக் கழற்றி, எண்ணெய் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாயில் பொருத்தினேன். வண்டி நிற்கும்போது மூடிவைக்க வேண்டும், எண்ணெய் இறங்காது. கிளப்புவதற்கு முன் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் இன்ஜினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போகாது, கொஞ்ச தூரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு பின்சக்கரம் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் செத்தாலும் சாவார். பெரிய மெக்கானிக்குகள் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். நான் செய்தேன்.

அந்த டேப்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. கால் திருப்பு திருப்பினால் திறக்கும், அதே பக்கம் இன்னொரு கால் திருப்பு திருப்பினால் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்த இடத்திலேயே தடுத்து நிறுத்த உள்ளே முள் கிடையாது. அதன் தலையில் ரம்பத்தால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. ஒரு முள் அடித்துக் கொடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை, செய்யவில்லை. மாமாவிடம் விளக்கிச் சொன்னேன், வண்டியைக் கிளப்பியதும் டேங்க் மூடியைத் திறந்து எண்ணெய் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார். "இந்தா, இது இனிமே உன் வேல" என்றார்.

அக்காவுக்கு இப்படி ஒரு புது வேலையை நான் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அவர் வந்து வண்டியை நிறுத்தியதும் அவள் குனிந்து மூட வேண்டும், காலையில் திறக்க வேண்டும். மூட மறந்தால் மறுநாள் புகை, புகைக்கு அடி. மறக்காவிட்டாலும் 'திறந்தியா' என்று கேட்டு, அவள் பதில் சொல்லும் தொனி பிடிக்காவிட்டால் அதற்கும் அடி. ஒரு தடவை உதடு கிழிந்து, கட்டிய புடவையோடு திண்டிவனம் வந்து சேர்ந்தாள். மூன்று நாள் வீட்டில் இருந்தாள். நாலாவது நாள் அப்பா சொல்லி நான்தான் அவளை பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப் போய் விட்டேன். இறங்கி நடக்கும்போது, "வந்ததும் வந்த, ஆயில் கொஞ்சம் கறுத்துப் போச்சாம், பாத்துட்டுப் போயிடு" என்றாள். அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.

1999-இல் ஒரு முகூர்த்த நாள் காலை, மாமா திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார். பத்து மணி வாக்கில் கூட்டேரிப்பட்டுக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, விக்கிரவாண்டி தாண்டி உங்க மாமா அடிபட்டுக் கிடக்கிறார் என்றார். போட்டது போட்டபடி ஓடினேன். நல்ல வேகத்தில் போகும்போது பின்சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் சறுக்கி, இவரைத் தூக்கி எறிந்திருக்கிறது. பின்னால் வந்த லாரி நிற்க முடியாமல் காலில் ஏறிவிட்டது. நான் போனபோது அவரை ஒரு வேனில் ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். தார் ரோட்டில் ரத்தம், ஒற்றைச் செருப்பு, அந்த வெள்ளைச் சட்டையின் ஒரு கிழிசல். வண்டி ஓரமாகக் கிடந்தது. இன்ஜின் கை வைக்க முடியாத சூடு. நான் முதலில் தேடியது டேப்பைத்தான். தலையில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைவிரலால் துடைத்தேன். கோடு குறுக்கே இருந்தது.

அக்கா செய்துவிட்டாள் என்று நினைத்தேன். பயந்தேன். அதை மீறி ஒரு சந்தோஷம் வந்ததையும் மறைப்பானேன்? போலீஸ் வருவதற்குள் டேப்பைத் திருப்பித் திறந்துவிட்டு, மேலே மறுபடி பிசுக்கைப் பூசினேன். கேட்டவர்களுக்கெல்லாம் பம்ப் உடைந்துவிட்டது, ஐம்பது வருஷத்துப் பழைய வண்டி என்று சொன்னேன். பம்பைப் பற்றி அந்த ஜில்லாவில் என்னை மிஞ்சிச் சொல்ல ஆள் இல்லாததால் எல்லோரும் நம்பினார்கள். மாமாவும் நம்பினார். அவருடைய வலது காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அத்தோடு அடி நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி சொம்பை எறிந்தார், சூடான குழம்பை எறிந்தார், அக்கா குனிந்து அவருடைய வெட்டிய காலின் கட்டையைத் துடைக்கும்போது ஊன்றுகோலால் தலையில் போட்டார். அவள் மரவாடியைப் பார்த்துக்கொண்டாள், மூங்கில் லாரிக்காரர்களிடம் கறாராகப் பேசக் கற்றுக்கொண்டாள், அவர் கைக்கு எட்டாத தூரம் எவ்வளவு என்பதையும் கற்றுக்கொண்டாள். நான் மாதம் ஒரு தடவை போவேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம் இருக்கிறது, அதை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்ற கர்வம் எனக்கு. அவள் நெற்றியில் புதுத் தையல் இருந்தாலும், இவள் பழி தீர்த்துக்கொண்டவள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

2013-இல் மாமா மாரடைப்பில் போனார். கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த மத்தியானம், கொட்டகை மூலையில் கிடக்கும் அந்த வண்டியை எடுத்துப் போய்விடு என்று அக்கா சொன்னாள். தார்ப்பாயை விலக்கினேன். இரண்டு பேரும் தனியாக இருந்தோம். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அன்றைக்கு டேப்பு மூடித்தான் இருந்தது, நான் திறந்துவைத்துவிட்டேன், யாருக்கும் தெரியாது, நீ பயப்படாதே என்றேன். ஏதோ பரிசு கொடுக்கிறவனைப் போலத்தான் சொன்னேன்.

அவள் குனிந்து டேப்பின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் தொறந்துதான்டா வச்சேன். கோடு நேரா இருக்குதான்னு பாத்தேன். அவரு வந்து தொறந்தியான்னாரு, தொறந்துட்டேன்னேன். பொய் சொல்றேன்னு செவுள்ல ஒண்ணு உட்டுட்டு, அவரே குனிஞ்சி இன்னொரு திருப்பு திருப்பிக்கினு, டேங்க்கத் தொறந்துகூடப் பாக்காம போனாரு. மூடிக்கிச்சுன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். சொன்னா இன்னொண்ணு உழும். சும்மா நின்னுட்டேன்."

நான் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மரக் கணக்குக் கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

"அப்ப இத்தன வருஷமா நான் அவரக் கொல்லப் பாத்தேன்னு நெனச்சிக்கினு இருந்திருக்க. கொல்ற அளவுக்கு எனக்கு இங்க கஷ்டம்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் ஒரு நாள் வந்து, வாக்கா போலாம்னு கூட்டிக்கினு போவலியே தம்பி?"

அவள் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள், உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வண்டியை மறுவாரம் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன், ஒரு திருகாணியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ரோடு இப்போது அகலமாகிவிட்டது, பஸ் பறக்கிறது. ஆனால் அப்போதும் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரம்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருந்தது.