ஆர்லிஸ் பார்க்காத சங்கிலி

ஹெண்ட்லி ஊரில் ஆர்லிஸ் ஹட்ஸ்பெத்தைக் குருடன் என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி அவர் மனைவி நோரீன். இன்னொருவர் கண் டாக்டர். டாக்டரும் திங்கட்கிழமை மட்டும் சொல்லுவார். மற்ற ஆறு நாளும் மரியாதையாக இருந்துவிடுவார்.

டென்னசியின் மேற்கு மூலையில் ஆற்றோரமாகக் கிடந்த அந்த ஊருக்குப் பருத்தி ஒரு கண் என்றால் மல்யுத்தம் இன்னொரு கண். திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு ஆர்மரி என்ற பழைய ஆயுதக் கொட்டகையின் கதவு திறக்கும். ஏழுக்கு மணி அடிக்கும். கோடு போட்ட சட்டையும் கறுப்பு வில் டையுமாகக் கோதாவுக்குள் குனிந்து நுழையும் நடுவர்தான் ஆர்லிஸ். பகலில் மெயின் தெரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பார். கடையில் ஒரு ஆணி கூடக் குறையாது. கோதாவில்தான் கோளாறு.

பாபி ரே ஸ்டாலிங்ஸுக்கும் புரொஃபசர் கேனுக்கும் பதினோரு வருஷப் பகை. பாபி ரே உள்ளூர்ப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாக அழுவான். கேன், பாஸ்டனிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டான். சனிக்கிழமை காலை டிவியில் தோன்றி, ஹெண்ட்லி ஜனங்கள் பேசும் பேச்சைத் திருத்துவான். ஊர் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கும். ஒருவரும் டிவியை அணைத்ததில்லை. இருவரும் கூண்டுக்குள் மோதினார்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தோல்வாரால் கட்டிக்கொண்டு மோதினார்கள். தோற்றவன் மொட்டையடித்துக்கொள்ள வேண்டும் என்று மோதினார்கள். தோற்றவன் தொண்ணூறு நாள் ஊர்ப்பக்கமே வரக்கூடாது என்ற ஆட்டத்தில் கேன் தோற்று, அடுத்த வாரமே 'மர்ம மனிதன்' என்று முகமூடியோடு வந்து நின்றான். நடையை வைத்து ஊரே கண்டுபிடித்துவிட்டது. ஆர்லிஸ் ஒருவர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட ஊரை எரித்தது அந்தச் சங்கிலி. ஆட்டம் உச்சத்துக்கு வரும்போது கேனின் மேனேஜர் லூத்தர் பிம் கோதாவின் விளிம்பில் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவான். அவனைக் கீழே இறக்குவது நடுவரின் கடமை. ஆர்லிஸ் போவார். அந்த நேரம் பார்த்துக் கேன் கால்சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்துக் கைமுட்டியில் சுற்றி, பாபி ரேயின் நெற்றியில் ஒன்று வைப்பான். ஆர்லிஸ் திரும்பும்போது சங்கிலி இருந்த இடம் தெரியாது. பாபி ரே மல்லாந்து கிடப்பான். ஆர்லிஸ் மண்டியிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் தட்டி, கேன் ஜெயித்தான் என்பார். ஆயிரத்து இருநூறு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இதில் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆர்லிஸ் அந்தச் சங்கிலியை உண்மையிலேயே பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரை வேலைக்கு எடுத்த நாளில், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆட்டம் நடத்தும் குட்லோ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பாக்காத மாதிரி நடிக்காதய்யா. ஜனங்க கண்டுபிடிச்சிருவாங்க. நெசமாவே பாக்காத." ஆர்லிஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் நடுவர்கள் கள்ளத்தனமாக ஒரு நொடி திரும்புவதைக் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பார். சங்கிலியின் சத்தம் அவருக்கு அத்துப்படி. உருவம் தெரியாது. மேற்கு டென்னசியிலேயே இவ்வளவு சுத்தமாகப் பார்க்காதவர் வேறு ஒருவரும் இல்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை என்பதால் அது வட்டியும் முதலுமாக வளர்ந்து கிடந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில், கடை வாசலில் மண்வெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு விபத்தைப் பார்த்துத் தொலைத்தார்.

ரொட்டி வேன் பச்சை விளக்கில் வந்தது. கார் கடை முதலாளியின் மருமகன் சிவப்பு விளக்கில் வந்தான். நாற்சந்தியில் இரண்டும் முட்டிக்கொண்டன. மருமகனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ரொட்டிகள் தெருவெல்லாம் உருண்டன. வேன் ஓட்டியவன் வெர்லன் பிக்கெட். மருமகன் வழக்குப் போட்டான், தனக்குத்தான் பச்சை என்று. தோற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று ரொட்டிக் கம்பெனி வெர்லனிடம் சொல்லிவிட்டது. பதினான்கு வருஷமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவன். வேறு தொழில் தெரியாதவன்.

வெர்லன் இரும்புக் கடைக்கு வந்தான். நேராக விஷயத்துக்கு வர வெட்கம்.

"ஒரு டஜன் திருகாணி குடு."

"எந்த சைஸ்?"

"ஏதோ ஒண்ணு." திருகாணியை எண்ணுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ அன்னிக்கு வாசல்லதான நின்ன?"

"நின்னேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். உனக்குப் பச்சை. அவனுக்குச் செவப்பு."

வெர்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் ஒருத்தன்தான்."

"இந்த ஊர்ல நாலாயிரம் ஜோடிக் கண்ணு இருக்கு ஆர்லிஸ். ஆண்டவன் எனக்குன்னு உன் ஜோடிய எடுத்து வச்சாரு பாத்தியா." அவனே கொட்டகையில் மூன்றாவது வரிசைக்காரன். திங்கட்கிழமை தவறாமல் அவிச்ச வேர்க்கடலையை ஆர்லிஸ் மேல் வீசுகிறவன். "கோச்சுக்காத. போன வாரம் கழுதைன்னு சொன்னது கேன் பேர்ல இருந்த கோபத்துல."

"குருட்டுக் கழுதைன்னு சொன்ன."

"அதுவும்தான்."

வழக்கு வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய திங்கட்கிழமை குட்லோ ஆர்லிஸைக் கொட்டகையின் பின்னறைக்குக் கூப்பிட்டார். விளம்பரத் தாள்களை மடித்துக்கொண்டே பேசினார். "அந்த மருமகன் தரப்பு வக்கீல் ஹேவுட் தார்ப் சும்மா விடமாட்டான். கோர்ட்ல சங்கிலியப் பத்திக் கேப்பான். பாத்தேன்னு சொன்னீன்னா நம்ம தொழிலே சந்தி சிரிச்சுப் போகும். பதினோரு வருஷப் பகையும் பொய்யின்னு ஆயிரும். கதவை மூடிட்டு நானும் ஆணி நிறுக்கத்தான் வரணும். பாக்கலேன்னு சொன்னீன்னா ஆறடியில சங்கிலி தெரியாதவனுக்கு நாப்பதடியில விளக்கு எப்படித் தெரிஞ்சுதும்பான். வெர்லன் வேலை போச்சு."

"நான் என்ன செய்யட்டும் முதலாளி?"

"தெரிஞ்சா நான் ஏன் இதை மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

உடை மாற்றும் அறையில் கேன் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பாஸ்டன்காரன் என்பதெல்லாம் வெளியில். ஆர்கன்சாவில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற சாதுவான ஆள். "ஆர்லிஸ் அண்ணே, இத்தன வருஷமா இந்தச் சங்கிலி உன் முதுகுப் பக்கமே இருக்கு. ஒரு தடவ கையில வாங்கிப் பாத்திரு," என்று துணிப்பையை அவிழ்க்கப் போனான்.

ஆர்லிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எடுக்காதப்பா. வியாழக்கிழமை பைபிள் மேல கை வைக்கணும்."

வியாழக்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. ஜூரிகள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் திங்கட்கிழமை ஆட்கள். ஆர்லிஸ் சாட்சிக் கூண்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில் பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான். நீதிபதி ரேன்கின் சுத்தியலால் தட்டினார்.

ஆர்லிஸ் தான் பார்த்ததைச் சொன்னார். தார்ப் எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தான்.

"மிஸ்டர் ஹட்ஸ்பெத், உங்களுக்கும் அந்த விளக்குக்கும் எவ்வளவு தூரம்?"

"நாப்பது அடி சார்."

"திங்கக்கிழமை உங்களுக்கும் புரொஃபசர் கேனுக்கும்?"

"ஆறு அடி. சில நாள் நாலு."

"இந்தத் திங்கக்கிழமை கேன் கையில சங்கிலியச் சுத்தி பாபி ரேவ அடிச்சாரா, இல்லையா?"

குட்லோ கதவோரம் நின்று தொப்பியைக் கசக்கினார்.

"தெரியாது சார். நான் பாக்கல."

வெர்லன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஆயிரத்து இருநூறு பேர் பாத்தாங்களே?"

"அவங்க கோதாவப் பாத்து உக்காந்திருந்தாங்க சார். நான் அவங்களப் பாத்து நின்னுக்கிட்டிருந்தேன். லூத்தர் பிம் கயித்துல ஏறிட்டாரு. அவர இறக்கணும்ல."

"வாராவாரம் ஏறுறாரா?"

"வாராவாரம் ஏறுறாரு."

"பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ திரும்பிப் பாக்கத் தோணலையா?"

"நான் திரும்பிட்டா அந்தாள யாரு சார் இறக்குவா?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. தார்ப்புக்கு வெற்றி கண்ணில் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கெட்டிக்காரன் என்பதால் இன்னும் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப அந்த நேரத்துல உங்க கண்ணு எதத்தான்யா பாத்துச்சு?"

ஆர்லிஸுக்கே அதுவரை தோன்றியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. அவர் ஜூரிகளை நிதானமாகப் பார்த்தார். தெரிந்த முகங்கள்.

"எதிர்ல இருந்தத சார். இந்தா, முதல் நாற்காலியில இருக்காரே, பச்சைத் தொப்பிக்காரரு. திங்கக்கிழமை நாலாவது வரிசை, ஓரம். பாபி ரே விழுந்ததும் எழுந்திரிச்சாரு. மடியில இருந்த பாப்கார்ன் முன்னாடி இருந்த அம்மா தலையில கொட்டிருச்சு. மன்னிப்புக் கேக்கல."

"கேட்டேன்," என்றார் ஜூரித் தலைவர்.

"பாபி ரே பேரச் சொல்லித்தான் கத்துனீங்க. பக்கத்து நாற்காலியில தபாலாபீஸ் மிஸ் ஓபல். கொட்டகையில முதல் வரிசை. அவங்க இடது கைக்காரங்க. தொப்பி ஊசிய மட்டும் வலது கையில வச்சிருப்பாங்க. கேன் கீழ இறங்கி வந்தா தொடையில குத்த அதுதான் தோது."

மிஸ் ஓபல் கைகளைக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

"வக்கீல் சார், நீங்க சுவத்துப் பக்கம், பதினஞ்சாவது வரிசை. மார்ச் மாசம் கூண்டு ஆட்டத்தன்னிக்கு வீட்டுல வேட்டைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்ததாப் பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எனக்கு உதட்டப் படிக்கத் தெரியும். கோட்டக் கழட்டித் தலைக்கு மேல சுத்துனீங்க. உள்பக்கம் செவப்புப் பட்டு. எடது பக்கம் அக்குள்ல ஒரு தையல் விட்டிருந்துச்சு. நான் நின்ன எடத்துல இருந்து அறுபதடி."

தார்ப் அன்றைக்கும் அதே கோட்டைத்தான் போட்டிருந்தான். கை தானாகப் போய் இடது அக்குளை மூடிக்கொண்டது. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அப்புறம் மேல்வரிசையில, தூணுக்குப் பின்னால, தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரு," என்று ஆர்லிஸ் தொடர்ந்தார். "கையில சுத்தியல் இல்லாட்டியும் முழங்கால்ல தட்டிக்கிட்டே இருப்பாரு. அவரு யாருன்னு..."

"சாட்சியின் பார்வை தெளிவாக இருப்பதாகக் கோர்ட் கருதுகிறது," என்றார் நீதிபதி ரேன்கின். "மேற்கொண்டு கேள்வி இருக்கிறதா, மிஸ்டர் தார்ப்?"

இல்லை.

ஜூரிகள் உள்ளே போய் இருபது நிமிஷத்தில் வந்தார்கள். அதில் பதினெட்டு நிமிஷம் பாப்கார்ன் விவகாரம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். தீர்ப்பு வெர்லன் பக்கம். வெளியே வந்ததும் வெர்லன் ஆர்லிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான். மறுநாள் காலை நோரீன் கதவைத் திறந்தபோது வாசலில் ஆறு ரொட்டிகள் இருந்தன.

"உன்ன இனிமே ஊர்ல எல்லாரும் மதிப்பாங்க," என்றாள் நோரீன், முதல் ரொட்டியை அறுத்தபடி.

ஆர்லிஸுக்கு அதுதான் பயமாக இருந்தது. மதிக்கப்படுகிற நடுவரை வைத்துக்கொண்டு குட்லோ என்ன செய்வார்? கத்த ஆளில்லாத கொட்டகையில் கேன் யாருக்காகச் சங்கிலியை எடுப்பான்?

அடுத்த திங்கட்கிழமையும் கொட்டகை நிறைந்திருந்தது. ஆனால் ஏதோ மாறியிருந்தது. ஆண்கள் தலை வாரி வந்திருந்தார்கள். மிஸ் ஓபல் புதுக் கையுறை போட்டிருந்தாள். தார்ப் கோட்டின் மூன்று பொத்தானையும் போட்டிருந்தான். தூணுக்குப் பின்னால் தொப்பிக்காரரைக் காணவில்லை. அவர் இன்னொரு தூணுக்குப் போயிருந்தார். ஆர்லிஸ் கோதாவுக்குள் நுழைந்தபோது ஊளை இல்லை. யாரோ கை தட்டினார்கள்.

இருபதாவது நிமிஷம் கேன் பாபி ரேயை மூலையில் தள்ளினான். லூத்தர் பிம் விளிம்பில் ஏறினான். ஆர்லிஸ் போனார், பிம்மின் தோளைப் பிடித்தார், எதிரே கூட்டம். பின்னால் சங்கிலி கிலுங்கியது. ஆயிரத்து இருநூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோர்ட்டில் அத்தனை பேரைக் காட்டிக்கொடுத்த கண்ணைப் போய் எப்படிக் குருடு என்பது?

மூன்றாவது வரிசையில் வெர்லன், மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, ஆர்லிஸை நேருக்கு நேர் பார்த்தான். இருவர் கண்ணும் பூட்டிக்கொண்டன. ஆர்லிஸ் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இமை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தது. அது கெஞ்சலா, உத்தரவா என்று வெர்லனுக்கு விளங்கவில்லை. ஆனால் பதினான்கு வருஷம் சிக்னலைப் பார்த்து வண்டி ஓட்டியவன். பச்சை எரிந்தால் நிற்கத் தெரியாது.

நாற்காலி மேல் ஏறினான்.

"டேய் குருட்டுக் கழுத," என்று கொட்டகை அதிரக் கத்தினான், "நாப்பதடியில விளக்கு தெரியுது, முதுகுக்குப் பின்னால சங்கிலி தெரியலையாடா உனக்கு? திரும்புடா."

அவிச்ச வேர்க்கடலை ஒன்று ஆர்லிஸின் நெற்றி நடுவில் வந்து விழுந்தது. அடுத்த நொடி கொட்டகை முழுக்க எழுந்து நின்றது. மிஸ் ஓபல் கையுறையைக் கழற்றி எறிந்தாள். தார்ப்பின் கோட்டு தலைக்கு மேலே சிவப்பாகச் சுழன்றது. அக்குளில் புதுத் தையல் போட்டிருந்ததை ஆர்லிஸ் கவனித்துக்கொண்டார்.

அவருக்கு அவசரம் இல்லை. பிம்மைக் கீழே இறக்கினார். டையைச் சரிசெய்தார். சங்கிலி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குக் காதால் தெரியும். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

பாபி ரே மல்லாந்து கிடந்தான். கேன் ஒன்றும் அறியாதவன்போல் கூரையைப் பார்த்துக்கொண்டு அவன் மேல் படுத்திருந்தான். மேற்கு டென்னசியின் முதல்தரமான கண்களுக்குச் சொந்தக்காரர் மண்டியிட்டார். ஆயிரத்து இருநூறு பேர் குருடா, குருடா என்று ஒரே குரலில் முழங்க, கையை ஓங்கி முதல் தட்டுத் தட்டினார்.