சோலார் உள்ள வீடு விற்பனைக்கு

வீடு விற்பவர் சொல்வதை வீடு வாங்குபவர் நம்பமாட்டார் என்ற ஒரே காரணத்தால் ஓடிய தொழில் என்னுடையது.

தொண்ணூறுகளில் மைசூரில் சோலார் என்றால் வெந்நீர்தான். மாடியில் சாய்வாக ஒரு கறுப்புத் தகட்டுப் பலகை, அதன்மேல் கண்ணாடி, அதற்கும் மேலே வெந்நீர் டேங்க். அந்த மாதிரி வீடு கைமாறும்போது சோலார் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் வேலை பார்த்த சோலார் கடையின் முதலாளி என்னை அனுப்புவார். கையில் ஓர் ஏணி, ஒரு தெர்மாமீட்டர், கடையின் லெட்டர்ஹெட் நாலு தாள். பத்தாவதோடு படிப்பை விட்டு ஹனூரிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு, அந்தத் தாளில் போடும் கையெழுத்துதான் சொத்து. "மாதேஷ் பாத்தாச்சா?" என்று புரோக்கர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே ஒரு கையெழுத்து பொய்யாகிவிட்டால் அந்தக் கேள்வி நின்றுவிடும், நானும் பழையபடி பலகை தூக்கப் போக வேண்டியதுதான். பழைய வீடு வாங்கிக் குழாயைத் திறந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களே, உங்களுக்கு முன்பே மாடியில் நின்று தலையில் கை வைத்தவன் நான்.

மழைக்காலத்து வெந்நீர்

சரஸ்வதிபுரத்தில் ஒரு வீடு. ஆடி மாதம், ஒரு வாரமாகச் சூரியனைக் காணோம். வாங்க வந்திருந்தவர் மருந்துக் கடைக்காரர். விற்பவர் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர். குளியலறைக் குழாயைத் திறந்தேன். ஆவி பறந்தது. தெர்மாமீட்டர் அறுபதைத் தொட்டது. மருந்துக் கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வாரம் வெயில் இல்லாமல் எந்தச் சோலாரும் அறுபது காட்டாது. "டேங்குக்குள்ள கரண்ட் காயில் இருக்கா சார்?" என்று கேட்டேன். "சேச்சே, சுத்தமான சூரிய வெந்நீர்" என்றார்.

மாடிப்படி வழுக்கும், ஏற வேண்டாம் என்றார். நான் வெளிப்பக்கமாக என் ஏணியைச் சாத்தி ஏறிவிட்டேன். மேலே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன்மேல் அண்டா. அண்டாவிலிருந்து வெந்நீரைச் சொம்பு சொம்பாக மொண்டு ஒரு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். டிரம்மிலிருந்து ஒரு குழாய் நேராகக் குளியலறைக்கு இறங்கியது. அவர் விற்பவருடைய மச்சானாம். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவே இல்லை, திடுக்கிட்டது நான்தான். கீழே வந்து விற்பவரிடம், "என்ன சார் இது?" என்றேன். அவர் சொன்னார்: "வெந்நீர் மேலேர்ந்து வருதான்னுதானே பாக்க வந்தீங்க? மேலேர்ந்துதானே வருது?"

இரண்டே மணி நேரம்

கோகுலத்தில் ஒரு வீட்டு மாடியில் பலகையைத் தேடினேன், கிடைக்கவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேடைதான் ஒன்று இருந்தது. துணியைத் தூக்கினால் கீழே நம் சோலார் கண்ணாடி. துணியின் மேல் வரிசை வரிசையாக அரிசி வடாம், ஓர் ஓரத்தில் மோர் மிளகாய். தண்ணீர்க் குழாய்களை எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். இந்த லட்சணத்தில் விளம்பரத்தில் 'நன்கு இயங்கும் சோலார்' என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா என் கையில் ஒரு வடாமைக் கொடுத்து, உடைத்துப் பார்க்கச் சொன்னார்: "ரெண்டே மணி நேரம். தரையில போட்டா ரெண்டு நாள் ஆகும். இதைவிட நல்லா எந்த சோலார் வேலை செய்யும், சொல்லுங்க."

சுவிட்சு எங்கே

திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பாங்க் அதிகாரி விஜயநகரில் வீடு வாங்கினார். நான் பார்த்து, 'சோலார் நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நிஜமாகவே நல்ல சோலார். குடிவந்த மறுநாள் கடைக்கு போன் வந்தது. உங்கள் ஆள் பொய் ரிப்போர்ட் கொடுத்துவிட்டான், உடனே அனுப்புங்கள் என்றாராம். சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

போனால், வீட்டிலிருந்த சுவிட்சு போர்டுகளை எல்லாம் அவர் கழற்றி வைத்திருந்தார். சோலார் சுவிட்சைத் தேடுகிறாராம். கரண்ட் போனாலும் இனி வீட்டில் விளக்கும் ஃபேனும் ஓடும், மிக்ஸிகூட ஓடும் என்று ஊரில் மாமனார் வரைக்கும் சொல்லிவிட்டார். இது வெந்நீருக்கு மட்டும்தான் சார் என்று நான் சொன்னதும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றார். பாவம், நம் ஊரில் வெந்நீருக்குத்தான் சோலார் என்று பெயர் என்பது திருச்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து என் ரிப்போர்ட்டில் முதல் வரியே 'இது வெந்நீர் சோலார், மின்சாரம் வராது' என்பதுதான். அவர் மனைவி மட்டும் நிதானமாகச் சொன்னார்: "விடுங்க. கரண்ட் போனா எல்லாரும் வெந்நீர்ல குளிச்சிட்டு இருட்டுல உக்காந்திருக்கலாம்."

வாசலில் செருப்பு

ஒரு டீச்சரம்மா வீடு. தரை பளபளவென்று இருந்தது. குளியலறை வாசலில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன. எவ்வளவு ஒழுங்கான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போய் வெந்நீர்க் குழாயைத் தொட்டேன். அவ்வளவுதான். தோள்வரைக்கும் சுரீரென்று ஏறி, எதிர்ச் சுவரில் போய் விழுந்தேன். தெர்மாமீட்டர் உடைந்தது. டேங்குக்குள் இருந்த கரண்ட் காயிலில் கசிவு, எர்த் கம்பியும் இல்லை. மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுதான் அந்தச் செருப்புகளுக்கு அர்த்தம் புரிந்தது. அதில் சின்னச் செருப்பு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது. இந்தக் காயிலைக் கழற்றாமல் நான் வெளியே போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று கழற்றிவிட்டுத்தான் வந்தேன். டீச்சரம்மாவுக்கு என்னமோ வேறு வருத்தம்: "அடடா, உங்களுக்குச் செருப்பு குடுக்க மறந்துட்டேனே. நாங்கெல்லாம் நாலு வருஷமா போட்டுக்கிட்டுத்தானே குளிக்கிறோம்."

ஸ்டாண்டு மட்டும்

குண்டலுபேட்டையிலிருந்து வந்து மைசூரில் கட்டட வேலை செய்த ஒரு மேஸ்திரி, ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒரு பழைய வீடு வாங்கினார். நான் பார்த்து, இரண்டு பலகை, ஒரு டேங்க், எல்லாம் சரி என்று எழுதினேன். கிரகப்பிரவேசத்தன்று காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மாடியில் இரும்பு ஸ்டாண்டு மட்டும் நின்றது. பலகையும் இல்லை, டேங்கும் இல்லை. "ரெண்டு பலகைன்னு எழுதிக் குடுத்தியேப்பா" என்று என் தாளையே என்னிடம் நீட்டினார். வந்திருந்த உறவுக்காரர்கள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இரண்டு பேரும் விற்றவரைத் தேடிப் போனோம். ஜெயலட்சுமிபுரத்தில் அவருடைய புது வீட்டு மாடியில் இரண்டு பலகைகளும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு, வாங்குகிற எல்லாரிடமும் சோலாரையும் அக்ரிமெண்டில் எழுதச் சொல்லிவிடுவேன். அன்று அக்ரிமெண்டில் அந்தப் பேச்சே இல்லை. அதை விற்றவர் நன்றாகப் படித்து வைத்திருந்தார். காபி கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்: "நான் வீட்டைத்தான் வித்தேன். வெயிலை விக்கலையே."

என் கைவேலை

இனி சொல்லப்போவது வேறு மாதிரி. இதில் ஏமாற்றியவன் நான்.

வைகாசி மாதம், நல்ல வெயில். ஃபாக்டரியில் ஓய்வு பெற்ற வேலுச்சாமி என்பவர், மனைவி லட்சுமியம்மாவோடு மகன் வீட்டுக்குச் சென்னை போவதற்காக வீட்டை விற்க இருந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள், என் ஹனூரும் அந்தப் பக்கம்தான். வாங்க வந்தவர் ஓர் இளம் கல்லூரி ஆசிரியர். கூட வந்திருந்த மனைவிக்கு ஐந்தாம் மாதம். "குழந்தை பொறந்ததும் குளிர்காலம் வந்துடும். வெந்நீர் கட்டாயம் வேணும். சோலார் சரியில்லைன்னா இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. ஆசிரியர் சந்தோஷமாக, "அப்ப எழுதிடுங்க" என்றார். மாடியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று ஏறினேன்.

பலகை வடக்கு பார்த்து இருந்தது. மைசூரில் சோலார் பலகை தெற்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் எப்படி வைத்தாலும் தண்ணீர் சுடும். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடும், அப்போது வடக்கு பார்த்த பலகை பச்சைத் தண்ணீர்தான் கொடுக்கும். எந்த மடையன் மாட்டினான் என்று திட்டிக்கொண்டே குனிந்தேன். ஸ்டாண்டின் சிமென்ட் காலில், ஈரத்தில் ஆணியால் கீறிய எழுத்து: 'மா'. என் எழுத்து. எட்டு வருஷத்துக்கு முன் நான் தனியாக மாட்டிய முதல் சோலார் அது. இடையில் முன்பக்கத்தை மாற்றிக் கட்டியிருந்ததில் வீடும், எட்டு வருஷத்தில் ஆட்களும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "மத்தியானம் சூரியன் எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம் பாத்து வை" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். மாட்டிய அன்று ஆனி மாதம். ஆனியில் நம் ஊரில் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாயும். மாடியில் நின்று என் நிழல் தெற்கே விழுவதைப் பார்த்து, சொன்னது சொன்னபடி வடக்கு பார்த்து வைத்துவிட்டேன். இந்த ஞானம் எனக்கு அன்று மாடியில் வந்தது, எட்டு வருஷம் தாமதமாக.

மறைத்துவிடலாம் என்று தோன்றியது, இல்லை என்று சொல்லமாட்டேன். கீழே தண்ணீர் சுடுகிறது, தாள் காத்திருக்கிறது, மார்கழிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. சொன்னால் வேலுச்சாமிக்கு வீடு விற்பது நின்றுபோகலாம், என் பெயரும் அத்தோடு போகும். ஆனால் அந்தப் பெண் கீழே நாற்காலியில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் சொன்னேன். பலகை திரும்பி இருக்கிறது, திருப்பி மாட்டியது நான், நாளைக்கே நானே தெற்கே மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு, "மாத்தினப்புறம் நீங்களே இன்னொரு தாள் எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார்.

அவர்கள் போனபின் லட்சுமியம்மாவிடம், எட்டுக் குளிர்காலம் எப்படி அம்மா சமாளித்தீர்கள், ஒரு வார்த்தை கடையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலுச்சாமி எழுந்து உள்ளே போய்விட்டார். லட்சுமியம்மா மோர் டம்ளரை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மொத மார்கழியிலயே இவுரு சொல்லோணும்னு உங்க கடைக்கு வந்தாருங் கண்ணு. வாசல்ல நிக்கறப்ப, இன்னொரு புகாரு வந்துச்சுன்னா ஊருக்குப் போயிருன்னு மொதலாளி உன்னைய நிக்க வெச்சுத் திட்டிட்டு இருந்தாராம். கேட்டுப்போட்டு அப்புடியே திரும்பி வந்துட்டாரு. நம்ம பக்கத்துப் பையன், பொழச்சுப் போகட்டும், நீ அடுப்புலயே தண்ணி காய வெய்யின்னு சொல்லிப்போட்டாரு."

நான் மாட்டிய சோலார்களிலேயே எட்டு வருஷம் ஒரு புகார்கூட வராத சோலார் அது ஒன்றுதான்.