திக்கிய திரையும் மாரிக்கண்ணு அண்ணனும்

சோழவந்தானில் ஒரு கல்யாணத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மாரிக்கண்ணு அண்ணன் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லையாம். போனை வைத்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே வந்தேன். எதிரே வெற்றிலைக் கொடிக்கால் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பச்சையும் வெயிலும் ஒன்றில் ஒன்று கரைந்தன. அந்தப் பச்சைக்குள் அவர் நடந்து போவதுபோலவே இருந்தது. மேளச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். அவனியாபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த ஸ்டுடியோவில் எடிட்டிங்கும் கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பு. எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் போட்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடும் படத்துக்குள் போய்விடுவார். நாம் கேட்டதற்கு அரை மணி கழித்துப் பதில் வரும். ஏதாவது பழுதென்றால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு டீக்குப் போய்விடுவார். "ரெண்ட மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது மாப்ள" என்பார். எனக்கோ எரிச்சலாக வரும்.

ஒரு பொங்கல் முடிந்து, நான் எடுத்த ஜல்லிக்கட்டுப் படத்தைப் புதுத் திரையில் ஓட்டினார்கள். வாடிவாசலிலிருந்து வந்த காளை திக்கித் திக்கி ஓடியது. "கேமரா புடிக்கிற கைதேன் நடுங்குது" என்று முதலில் சொன்னவர் மாரிக்கண்ணு அண்ணன்தான். கேமராவின் சின்னத் திரையில் சீராக ஓடுவதைக் காட்டினேன். "அதுல எல்லாமே நல்லாத்தேன் தெரியும்" என்று முதலாளி தள்ளிவிட்டார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கேமராவைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

மறுநாள் என் சாமான்களை எடுக்கப் போனேன். அண்ணன் திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்து, கேபிளை மாற்றிப் பார்த்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டு வந்திருந்தார். அதே கம்ப்யூட்டரில் பக்கத்தில் மாட்டியிருந்த பழைய திரையின் வயரைப் பிடுங்கினார். புதுத் திரையில் காளை தண்ணீரில் மிதந்து வருவதுபோல வந்தது. திமிலின் அசைவுகூடத் தெரிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

புதுத் திரை நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை படத்தைப் புதுப்பிக்கும். பழையது அறுபது முறைதான். டிரைவர் பழையதன் வேகத்துக்கே இரண்டையும் ஓட்டியதில் புதியது திக்கியிருக்கிறது. வேலைக்கு நடுவே எல்லோரும் ஜல்லிக்கட்டு நேரலை பார்க்கட்டும் என்று பழையதை மாட்டியவர் அவரேதான். பேசாமல் கழற்றி வைத்திருக்கலாம். பழுது தானாகப் போயிருக்கும், பழி என்னோடு போயிருக்கும்.

அவர் முதலாளியைக் கூப்பிட்டார். "இவன் கையில கொற இல்லண்ணே. தப்பு எம்மேலதேன். அந்தத் திரைய மாட்டுனது நாந்தேன்."

"ஒரு ஆளோட பொழப்புல வெளாண்டிருக்கியேய்யா!" என்று முதலாளி குதித்தார். அண்ணன் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். எனக்கு வேலை நிலைத்தது. நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. கை நடுங்குகிறது என்றாரே என்ற கோபம் அப்போதும் இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

கொட்டாம்பட்டியில் இழவு வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி, "வேற ஆளு வேணாம் தம்பி, கடேசிப் பயணத்த நீங்களே படம் எடுங்க. ஒங்க கைய அவுக அம்புட்டு மெச்சுவாக" என்றார். கேமராவை எடுத்தேன். மாலைகளுக்கு நடுவே, படம் பார்த்தபடி தூங்கிவிட்டவர் போல் கிடந்தார். அவரை ஏற்றிய வண்டி வயல்களுக்கு இடையே போய்ச் சிறுத்து, வெயிலில் கரையும்வரை எடுத்தேன்.

ஸ்டுடியோவுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். படம் முழுக்க ஆடுகிறது. திரையில் குறையில்லை அண்ணே. இந்த முறை நடுங்கியது என் கைதான். போய் வாருங்கள்.