பர்சானா வெட்டிப்போட்ட பெல்ட்

ஒரு வேலையை முடியாது என்று சொன்னதால்தான் பர்சானாவுக்குக் கணேசமூர்த்தியிடம் வேலை கிடைத்தது.

அப்போது அவள் தென்காசியில் ஒரு சந்துக்குள் தையல் மெஷின் போட்டு, ஸ்கூல் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். கணவன் யஹ்யா சவூதியில் தம்மாமில் கட்டட வேலையில் இருந்தான். கணேசமூர்த்தி மரம் கழிக்கிற காண்டிராக்டர். கூரைமேல் சாய்ந்த கொப்பு, கரண்டுக் கம்பியை உரசுகிற கொப்பு எல்லாம் அவருடைய ஆட்கள்தான் ஏறி வெட்டுவார்கள். ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மெஷின்மேல் போட்டார்.

"இந்தப் பிரிஞ்ச இடத்துல ஒரு தையல் போட்டுக் குடும்மா. ஆளு வெளிய நிக்கான்."

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "போட மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன், ஊசி இறங்காதோ?"

"இறங்கும். அழகாத் தைச்சும் தருவேன். பாக்குதவன் நல்ல பெல்ட்டுன்னு நம்பி ஏறுவான். அதான் மாட்டேங்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே போன மனுஷன் அடுத்த வாரம் திரும்பி வந்தார். "எது நல்லது, எது கெட்டதுன்னு பாக்க எங்கிட்ட ஆளு இல்ல. நீ வாரியா?" என்றார்.

அன்றிலிருந்து குற்றாலம் ரோட்டிலுள்ள அவருடைய ஷெட்டில்தான் அவளுக்குக் காலை நேரம். ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெல்ட்டுகளைப் பாயில் விரித்துவிடுவாள். பட்டையை வில்லாக வளைத்து விரலை ஓட்டுவாள்; நேராக வைத்தால் தெரியாத வெட்டு வளைத்தால் வாயைத் திறந்துவிடும். வெயிலில் வெளிறி விறைத்த இடம், மரப்பால் பட்டுக் கட்டிதட்டிய இடம், அறுந்த தையல் என ஒன்றும் தப்பாது. கொக்கியைக் காதருகே வைத்துத் திறந்து மூடுவாள். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவாள். ஆரம்பத்தில் ஒதுக்கியதோடு விட்டாள். மறுநாள் அதே பெல்ட் யாராவது ஒருத்தன் இடுப்பில் இருக்கும். பிறகுதான் தன் தையல்கடையிலிருந்த பெரிய கத்திரியைக் கொண்டுவந்தாள். கழித்த பெல்ட்டை அங்கேயே வெட்டிப்போட்டாள்.

கேரளா போகிற வண்டியையெல்லாம் நிறுத்திச் சோதிக்கிற புளியரை செக்போஸ்ட்டின் பெயரை ஆட்கள் அவளுக்கு வைத்தார்கள். காதில் விழுந்தாலும் அவள் கண்டுகொள்ளவில்லை.

சங்கதி யஹ்யா வரைக்கும் போனது. "ஊரான் பெல்ட்டுக்கு நீ எதுக்குட்டி மல்லுக்கட்டுத?" என்று போனில் சடைத்தான்.

"நீங்க அங்கன சாரத்துல ஏறுதீங்கள்லா? உங்க பெல்ட்டயும் யாரோ ஒருத்தன் பாத்துதான் குடுக்கான். அவன் நமக்கென்னன்னு விட்டுட்டா நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

சாரல் தொடங்குகிற சமயம். ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் கூட்டம் வருமுன்னே பெரிய நாவல்மரத்தைக் கழித்துத் தரவேண்டும். அதில் ஏற மாடனை விட்டால் ஆள் கிடையாது. அன்று காலையில் மாடனின் பெல்ட்டைக் கையில் எடுத்ததும் அவளுக்கு வித்தியாசமாக இருந்தது. கயிறு மாட்டுகிற வளையம் இருக்கிற இடத்தில் பட்டை இழுபட்டு, தையல்கண்கள் நீண்டிருந்தன. பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் வைத்திருந்தது.

"மாடா, இதப் போட்டுட்டு விழுந்தியா?"

மாடன் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமாக்கா! இலஞ்சியில அயனிமரத்துல கொப்பு முறிஞ்சுட்டு. அந்தரத்துல தொங்குனேன். இதுல்லா என்னப் பிடிச்சு நிறுத்திச்சு. அப்படியே கோயில்ல கொண்டுபோய் வச்சுக் கும்பிட்டு எடுத்துட்டு வந்தேன்" என்றான்.

"அப்பம் இதோட சோலி முடிஞ்சுது. ஒருதரம் ஆளத் தாங்குன பெல்ட்டு இன்னொருதரம் தாங்கும்னு நம்ப முடியாது."

அவன் சிரிப்பு அணைந்துவிட்டது. "என் உசுரக் காப்பாத்தினது அக்கா இது. வேற பெல்ட்டுல நான் ஏற மாட்டேன்."

"சாமி கயிறு கட்டினதுல யாராவது கைவைப்பாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கணேசமூர்த்தி அவளைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, இந்த ஒரு மரம் மட்டும். சீசன் நேரத்துல என் தலையில மண்ணப் போட்டுராத."

பர்சானா மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பக்குவமாக அவிழ்த்து மாடன் கையில் வைத்தாள். "இது உனக்கும் சாமிக்கும் உள்ளது. நல்லா வச்சுக்கோ. பெல்ட்டு என் பொறுப்பு" என்றாள். அவன் பாய்ந்து பிடிப்பதற்குள் கத்திரி பட்டைக்குள் இறங்கிவிட்டது.

"கோட்டிக்காரி!" மாடன் கத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கே அறுந்துருமா? எழுதித் தாரியா? என்ன சாட்சி இருக்கு ஒங்கிட்ட?"

"சாட்சி இல்லலே. சாட்சி வேணும்னா நீ விழணும். அந்தச் சாட்சி எனக்கு வேண்டாம்."

மாடன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நாவல்மரத்தில் யாரும் ஏறவில்லை. லாட்ஜ்காரன் போனிலேயே ஏசினான். கணேசமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, மாடன் கும்பிட்ட பொருளை வெட்டிவிட்டோமே என்று மனசு அறுத்தது. ஆனாலும் வெட்டியது தப்பு என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஷெட்டுக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

"வரவேண்டாம்னு சொன்னேன்லா?" என்றார் கணேசமூர்த்தி.

"சொன்னீங்க. நான் சரின்னு சொல்லலயே அண்ணாச்சி. இவங்க ஏறுத வரைக்கும் நான் பாக்கத்தான் செய்வேன். சம்பளம் குடுக்கதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அவர் ஆட்களைப் பார்த்து, "எடுத்துட்டு வண்டியில ஏறுங்கலே" என்று விரட்டினார். ஒருவரும் அசையவில்லை. ஹம்தான் என்கிற வடகரைக்காரன் தன் பெல்ட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டான். "லாத்தா பாத்துக் குடுக்கட்டும், பொறவு ஏறுதேன்" என்றான். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். கணேசமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். நாவல்மரத்தில் ஹம்தான் ஏறினான். மாடன் அளவுக்குக் கை பழகாததால் வேலை இழுத்தடித்தது. லாட்ஜ்காரன் அப்புறம் அவர்களைக் கூப்பிடவே இல்லை.

மாடன் திரும்பி வரவில்லை. இப்போது செங்கோட்டையில் வேறொரு காண்டிராக்டரிடம் ஏறுகிறான். விழவுமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சந்தையில் அவளைப் பார்த்தால், ஊரே கேட்கும்படி, "என் பெல்ட்ட வெட்டுன மகராசி போறா பாருங்க" என்பான்.

"உனக்குக் கோவம் வராதா?" என்று கூடவந்த பக்கத்துவீட்டுச் சாஜிதா ஒருநாள் கேட்டாள்.

பர்சானா தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏசட்டும்ட்டி. சாகுத வரைக்கும் ஏசட்டும். ஏச அவன் இருக்கணும்லா."