கேழ்வரகில் ஒரு சிட்டிகை

அக்காவின் கைக்குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டத் தொடங்கும் நேரம். தொண்டூரில் அவள் கொல்லையில் விளைந்த கேழ்வரகு. சென்னையில் நான் வேலை பார்ப்பது, தானியத்தில் உலோகம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில்.

"ஊரான் ஊட்டு அரிசியெல்லாம் பாக்குற, எம்புள்ள திங்கறத ஒருவாட்டி பாருடா" என்றாள். எதையும் சேர்க்காமல் அப்படியே அள்ளித் தா என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் பையை வாங்கி வந்தேன்.

அரைத்து, அமிலத்தில் கரைத்து, உலோகத்தை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றினேன். காரீயம் எகிறியது. குழந்தையின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. மேலாளர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் மண்ணே கெட்டிருக்கும். எழுதி முடிப்பா."

காலால் மிதிக்காத மண்ணுக்கு இவர் தீர்ப்பு எழுதுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரீயத்தோடு குரோமியமும் ஏறியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. இரண்டும் சேர்ந்த சாயம் ஒன்று உண்டு. பளீர் மஞ்சள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "பையில இன்னா போட்ட?"

"ஒண்ணும் போடலியே. வண்டு புடிக்கக் கூடாதுன்னு ஒரு சிட்டிகை மஞ்சத்தூளு, அவ்ளோதான்."

"அறிவிருக்குதா உனக்கு? எத்தினிவாட்டி சொன்னேன்!" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நானே கேழ்வரகை அள்ளினேன், மஞ்சள்தூளையும் தனியாகக் கட்டிக்கொண்டேன். ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால், கேழ்வரகில் ஒரு குற்றமும் இல்லை. மஞ்சள்தூள் கரைசலிலோ எத்தனை முறை நீர் கலந்து பார்த்தாலும் காரீயம் கருவியின் அளவுக்குள் இறங்கவில்லை.

மறுபடி பஸ் ஏறி, செஞ்சி பஜாரில் அவள் தூள் வாங்கிய கடைக்கு நேராகப் போனேன். "கலரா இருந்தாதான் சார் வாங்குறாங்க. நானா அரைக்கிறேன்? மூட்டையா வருது, விக்கிறேன்" என்றார் கடைக்காரர். கை ஓங்காமல் வந்ததே பெரிது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன கிழிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

தொண்டூர் வீட்டில் அக்கா முகம் கொடுக்கவில்லை. "கேவுரு நல்லாகீதா, அத மட்டும் சொல்லு."

"கேவுரு நல்லா இருக்குது. மஞ்சத்தூளுதான் வெசம்."

அவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "தெனம் இதத் தேச்சிதான்டா குளிப்பாட்டுறேன்." குழந்தை விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அக்கா அதன் கையை வெடுக்கென்று இழுத்தாள். அது வீறிட்டு அழுதது.

காலையில் ரத்தம் பார்க்கக் கூட்டிப் போகிறோம். கடைக்காரர் மேலும் மேலாளர் மேலும் எனக்கு இருக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அக்கா மட்டும் என் பேச்சைக் கேட்டு வெறும் கேழ்வரகைத் தந்திருந்தால், "நல்லா இருக்குது, குடுக்கா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பையைப் பிரித்திருப்பேன்.