அண்ணன் படத்தில் என் வாக்கியம்

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நான் அவனுக்கு ஒரே தங்கை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் ஸ்டூடியோ ஒன்றில் வேலை. மண்டி மொஹல்லாவில் ஒரு பிளைவுட் கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. வீட்டுக்குள் அம்மா அப்பாவுக்காகத் தமிழ், படியிறங்கினால் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

எனக்கு இருபது வயதிருக்கும்போது அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். மொட்டை மாடியில் நனைந்த போர்வையின் ஒரு முனையை அவனும் மறு முனையை நானும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழிமேல் எனக்கிருந்த ஆசையைச் சொன்னேன். "போகும் போகும்னு ரெண்டு வருஷம் பாத்தேண்ணா. போகல."

அவன் போர்வையை முழுக்கப் பிழிந்து முடித்தான். கொடியில் போட்டு இரண்டு கிளிப் மாட்டினான். கீழே போகலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அதன்பிறகு சில மாதங்கள் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை, அதுவரை நல்லது. ஆனால் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் தோழி வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, இனிமேல் இங்கே வராதே என்று தன்மையாகத்தான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை, பிறகு அதைப் பற்றிப் பேசவுமில்லை. அப்போது அண்ணன் அங்கேதான் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கயிறுகளையும் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவள் வருவது நின்றது. பரீட்சை முடிந்ததும் மங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் ஒரு குறும்படம் எடுத்தான். மேல்கோட்டையில் ஒரு நாள் படப்பிடிப்பு, உதவிக்கு ஆள் இல்லை, நீ வா என்றான். விடிகாலை பஸ்ஸில் போனோம். கதை என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

குளத்துப் படிக்கட்டில் காட்சி. தங்கையாக நடித்தது நாடகக் குழு ஒன்றிலிருந்து வந்த பெண். அவள் முகத்தில் வெயில் திரும்பி விழும்படி ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்திருப்பது என் வேலை. அண்ணன் 'ஆக்‌ஷன்' என்றான். அந்தப் பெண் பக்கத்திலிருந்த நடிகனைப் பார்த்துச் சொன்னாள். "ஹோகுத்தே ஹோகுத்தே அந்த எரடு வர்ஷ நோடிதே. ஹோக்லில்ல."

போகும் போகும் என்று இரண்டு வருடம் பார்த்தேன், போகவில்லை: மொட்டை மாடியில் நான் சொன்னதேதான். கன்னடத்தில் அது என் வாக்கியத்தைவிட நன்றாக இருந்தது. அதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அட்டை கையில் நழுவியது. அவள் முகத்தில் வெளிச்சம் ஆட, கேமராக்காரர் நிறுத்தினார்.

அண்ணன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "பாப்பா, ஆடாமப் பிடி."

பிடித்தேன். ஆறு டேக். ஒவ்வொரு டேக்கிலும் அவள் அதைச் சொன்னாள், ஒவ்வொரு டேக்கிலும் அண்ணனாக நடித்தவன் அவள் கையைப் பற்றி, நான் இருக்கிறேன் என்றான்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அவன் ஜன்னலுக்கு வெளியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கு எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இப்பத் தெரிஞ்சுது, எழுதினேன்."

"எங்கிட்ட சொல்லலாமில்ல?"

அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். அதை எடுத்தால் படமே இல்லை என்றான். அப்படியென்றால் அது நான் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். சத்தியம் செய்தான்.

ஒரு சின்ன அரங்கில் திரையிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து இது உண்மைக் கதையா என்று கேட்டார். அண்ணன் மைக்கை வாங்கினான். நான் உட்கார்ந்திருந்த வரிசையை ஒரு கணம் பார்த்தான். முழுக்கக் கற்பனை என்றான். நான் கேட்டுக்கொண்டது அதைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"பாவங் கண்ணு அந்தப் புள்ள. அந்த அண்ணங்காரன் மட்டும் இல்லீன்னா என்ன ஆயிருப்பா?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அவளுக்கு அம்மா இல்லியா?"

"படத்துல இல்லம்மா."

அம்மா தலையாட்டினாள். தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. அரங்கைவிட்டு வெளியே வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

படம் இப்போது இணையத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத பெண்கள் அண்ணனுக்கு எழுதுகிறார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது எனக்கு வாசித்துக் காட்டுவான். போன வாரம் தாவணகெரேயிலிருந்து ஒருத்தி, எனக்கு இப்படி ஓர் அண்ணன் இருந்திருக்கக் கூடாதா என்று எழுதியிருந்தாள். இவளுக்கு என்ன பதில் போட என்று என்னைக் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நன்றி என்று மட்டும் தட்டி அனுப்பினான்.

அதற்குள் அம்மா கடைத்தெருவிலிருந்து வந்து எங்களைக் கூப்பிட்டாள். கொள்ளேகால் பக்கம் எனக்கு ஒரு வரன், போட்டோ வந்திருக்கிறதாம். அண்ணன்தான் முதலில் எழுந்து போனான். அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கியும் பார்த்தான். பிறகு என் கண்ணைப் பார்க்காமல் போனை என்னிடம் நீட்டி, "நல்லாத்தான் இருக்கார்" என்றான்.